வாத்தியார் தேடிய கோடீசுவரர்

பள்ளிக்கூடம் நடத்த என்னென்ன வேண்டும்?

இடம் வேண்டும். பணம் இருந்தால் வாங்கிவிடலாம். கட்டடம் வேண்டும். கொத்தனாரும் தச்சரும் எழுப்பிக் கொடுத்துவிடுவார்கள். பெஞ்சு, மேசை, கரும்பலகை எல்லாம் கடையில் கிடைக்கும்.

ஆனால் வாத்தியார்?

லட்சம் லட்சமாகப் பணம் இருந்தும் இந்த ஒரு கேள்விக்கு விடை காண வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவர் ஒருவர் உண்டு. கடல் கடந்து வாத்தியார்களை வரவழைத்தார் அவர். அது போதாது என்று கண்டதும், வாத்தியார்களை உண்டாக்குவதற்கென்றே பள்ளிக்கூடம் வைத்தார். அதற்காகத் தம் வியாபாரத்தையே பணயம் வைத்தார். கடைசியில் வியாபாரம் போயிற்று, பள்ளிக்கூடங்கள் நிலைத்தன.

அவர்தான் சிங்கப்பூரின் ரப்பர் மன்னர் என்று பெயர் பெற்ற டான் கா கீ.

கப்பல் ஏறிய சிறுவன்

சீனாவின் தென்கிழக்குக் கரையில் பூக்கியன் மாகாணம் இருக்கிறது. அங்கே அமாய் என்று ஒரு துறைமுகம். இன்று அதற்குப் பெயர் சியாமென். அமாய்க்கு எதிரே, கடலை ஒட்டி, ஜிமெய் என்ற கிராமம். அங்கேதான் 1874-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி டான் கா கீ பிறந்தார்.

தகப்பனார் சிங்கப்பூரில் அரிசி வியாபாரி. பையன் தாயாரிடம் கிராமத்திலேயே வளர்ந்தான். படிப்பு என்றால் நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரிதான். பழைய நூல்களை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்ய வேண்டும். அர்த்தம் சொல்லித் தர மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் இப்படியே போயிற்று. நல்ல வாத்தியார் கிடைக்காத பிள்ளையின் கஷ்டம் என்ன என்பதை அவர் அனுபவத்தில் அறிந்தவர்.

1890-ல் பதினாறாவது வயதில் அவர் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார். தகப்பனாரின் கடையில் கணக்கு எழுதக் கற்றார். கலியாணத்துக்காக ஊர் திரும்பியவர், 1894-ல் 2,000 வெள்ளி கொடுத்து ஜிமெய்யில் சிறு பள்ளிக்கூடம் ஒன்றை ஏற்படுத்தினார். அப்போது அவருக்கு வயது இருபதுதான். சொந்தத் தொழில் கூடக் கிடையாது.

அப்பா பட்ட கடன்

1903-ல் தகப்பனாரின் வியாபாரம் நொடித்துப்போயிற்று. கடன் மலைபோல் நின்றது. தகப்பன் பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் டான் அதைத் தம் தலைமேல் போட்டுக்கொண்டார்.

அன்னாசிப் பழத்தைத் தகர டப்பாவில் அடைத்து விற்கும் தொழிலை 1904-ல் ஆரம்பித்தார். 1906-ல் அன்னாசிச் செடிகளுக்கு நடுவே ரப்பர் விதைகளை ஊன்றினார். 1907-ல் கடன்காரர்களோடு பேசி முடித்த தொகையைக் கொடுத்துத் தீர்த்தார். வர்த்தகர்களிடையே அவர் சொல்லுக்கு மதிப்பு ஏறியது.

தமிழ்நாட்டிலிருந்து ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன காலமும் அதுதான். உலகமெங்கும் மோட்டார் வண்டி பெருகியது. ரப்பர் விலை ஏறியது. 1914-ல் தொடங்கிய முதல் உலக யுத்தத்தின்போது டான் கப்பல் தொழிலிலும் இறங்கி நல்ல லாபம் கண்டார். பிறகு ரப்பர் ஆலை வைத்துச் செருப்பும் டயரும் செய்து விற்றார். 1925-ல் அவருடைய சொத்தின் மதிப்பு சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர்.

இவ்வளவு பணம் படைத்தவர் எளிமையாகவே வாழ்ந்தார். உடைந்துபோன பீங்கான் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மெழுகுவர்த்தியைப் பொருத்திக்கொண்டார். அந்தக் கோப்பையை அவருடைய ஊரில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரே இனம், பல மொழி

அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் சீனர்கள் எல்லோரும் ஒரே மொழி பேசவில்லை. பூக்கியன்காரர்கள் ஹொக்கியன் பேசுவார்கள். மற்றவர்கள் தியோச்சியு, காண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று ஆளுக்கொரு பேச்சு. எழுத்து ஒன்றுதான். ஆனால் ஒருவர் வாசிப்பது மற்றவர் காதுக்கு விளங்காது.

அதனால் ஒவ்வொரு கூட்டத்தாரும் தனித்தனிப் பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டார்கள். சர்க்கார் உதவியை நம்பி இருக்கவில்லை. மளிகைக் கடைக்காரரும், அரிசி வியாபாரியும், கப்பல் ஏஜெண்டும் பணம் போட்டு நடத்தினார்கள். அவர்களே நிர்வாகக் குழு. வாத்தியாரைத் தங்கள் மாவட்டத்திலிருந்து கடிதம் எழுதி வரவழைப்பார்கள்.

வருகிற வாத்தியார் பாடு எளிதானதல்ல. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வர வேண்டும். வேலை ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம். வியாபாரம் நன்றாக நடந்தால் நன்கொடை வரும், சம்பளமும் வரும். வியாபாரம் படுத்தால் சம்பளமும் படுக்கும். நிர்வாகக் குழுவில் ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் ஆண்டு முடிவில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஹொக்கியன் மக்கள் 1906-ல் தொடங்கிய தாவ் நான் பள்ளிக்கு 1911-ல் டான் தலைவரானார். நன்கொடை திரட்டினார். 1912-ல் ஆர்மீனியன் தெருவில் அழகான கட்டடம் எழும்பியது. இன்று அந்தக் கட்டடத்தில் பெரனாக்கான் அருங்காட்சியகம் இருக்கிறது.

அதே சமயத்தில் சீனாவிலும் பெரிய மாறுதல். 1911-ல் புரட்சி வெடித்தது. மன்னராட்சி ஒழிந்து குடியரசு வந்தது. நாடு முழுவதற்கும் ஒரு பொதுமொழி வேண்டும் என்ற கருத்து வலுத்தது. வடக்கே வழங்கிய மாண்டரின் அந்த இடத்தைப் பிடித்தது. கடல் கடந்த சீனர்களும் ஒன்றுபட வேண்டுமானால் பிள்ளைகள் மாண்டரின் படிக்க வேண்டும் என்பது டானின் எண்ணம். 1916-ல் தாவ் நான் பள்ளி மாண்டரினுக்கு மாறியது. இப்படி முதலில் மாறிய பள்ளிகளில் அதுவும் ஒன்று.

தீர்மானம் போடுவது சுலபம். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?

பூக்கியனிலிருந்து வரும் வாத்தியாருக்கு மாண்டரின் சரியாக வராது. மாண்டரின் தெரிந்தவர்களைத் தேடி ஷாங்காய், ஹுனான் என்று தூரத்து இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. அப்படி வந்தவருக்கோ சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு ஒன்றும் புரியாது. வாத்தியாருக்கும் பிள்ளைக்கும் நடுவே எழுத்து ஒன்றுதான் பாலம். தோற்றத்தில் ஒரே இனம். வகுப்பறைக்குள் இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியர்.

78 மாணவர்கள்

ஆரம்பப் பள்ளி முடித்த பிள்ளை மேலே படிக்கச் சிங்கப்பூரில் சீனப் பள்ளி கிடையாது. வசதி உள்ளவர்கள் பையனைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் கடையில் உட்கார வைத்தார்கள்.

1918-ல் பல சீனப் பள்ளிகளின் பிரதிநிதிகளை டான் ஒரே கூட்டத்தில் கூட்டினார். எந்த மொழிக் கூட்டத்தாருக்கும் தனி உரிமை இல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக உயர்நிலைப்பள்ளி வைப்பது என்று முடிவாயிற்று. 1919 மார்ச் 21-ந் தேதி நிவன் ரோட்டில் 78 மாணவர்களோடு சீன உயர்நிலைப்பள்ளி திறக்கப்பட்டது. பாடமொழி மாண்டரின். தலைமையாசிரியரையும் சீனாவிலிருந்தே வரவழைத்தார்கள்.

1917-ல் ஹுவாங் யான்பெய் என்ற பெரிய கல்வியாளர் தென்கடல் நாடுகளைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார். டானுக்கு அவர் சிநேகிதரானார். தகுந்த ஆள் வேண்டும் என்றால் டான் கடிதம் எழுதுவது இவருக்குத்தான்.

நாற்றங்கால்

இதற்கு முன்பே, 1913-ல், ஜிமெய்யில் புதுமுறை ஆரம்பப் பள்ளி ஒன்றை டான் தொடங்கியிருந்தார். கிராமத்தில் அப்போது கிளைக்கு ஒரு பள்ளி. கிளைகளுக்குள் ஓயாத சண்டை. எல்லோரையும் சமாதானப்படுத்தி ஒரே பள்ளிக்கூடமாக்கினார். முதலில் குலக் கோயில்களில் வகுப்பு நடந்தது. பிறகு தூர்ந்துபோன மீன் குட்டை ஒன்றை வாங்கி, மேடாக்கிக் கட்டடம் கட்டினார்.

அங்கேயும் அதே தொல்லை. வாத்தியார் இல்லை! சுற்று வட்டாரம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடியும், பயிற்சி பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தேறினார்கள்.

ஏன் இந்தப் பஞ்சம் என்று டான் விசாரித்தார். மாகாணத் தலைநகரில் சர்க்கார் நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில் இடம் பிடித்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளும் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளும்தான். அவர்களுக்குச் சான்றிதழ் வேண்டும். கிராமத்துக்குப் போய்ப் பாடம் சொல்லும் எண்ணம் கிடையாது. பாடம் சொல்ல ஆசைப்பட்ட ஏழைப் பிள்ளைக்கு உள்ளே இடம் கிடையாது.

டான் வழியை மாற்றினார். நெல் வேண்டுமென்றால் நாற்றங்கால் வேண்டும் அல்லவா? 1918 மார்ச்சில் ஜிமெய்யில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். தென் பூக்கியனின் மாவட்டங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஏழை மாணவர்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். கட்டணம் இல்லை. சாப்பாடும் இலவசம்.

அந்தப் பயிற்சிப் பள்ளிக்கு யார் பாடம் சொல்வது? அதற்கும் வெளி மாகாணங்களிலிருந்து ஆள் எடுக்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தலைமையாசிரியர்கள் அடுத்தடுத்து மாறினார்கள். வந்தவருக்கு ஊர் பிடிக்கவில்லை. அல்லது ஊருக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1920-ல்தான் நிலையான தலைமை கிடைத்தது.

வாத்தியாருக்கு வாத்தியாரை எங்கே தேடுவது? அதற்குப் பல்கலைக்கழகம்தான் வழி என்று டான் முடிவு செய்தார். 1919-ல் சீனாவுக்குத் திரும்பினார். வியாபாரத்தைத் தம்பி டான் கெங் ஹியானிடம் ஒப்படைத்தார். அமாயில் கூட்டம் கூட்டி 40 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். கட்டடத்துக்கு 10 லட்சம். ஆண்டுதோறும் நடத்த 30 லட்சம், 12 ஆண்டுகளில்.

1921 ஏப்ரல் 6-ந் தேதி அமாய் பல்கலைக்கழகம் ஜிமெய்யில் இரவல் இடத்தில் தொடங்கியது. முதலில் திறந்த துறைகள் இரண்டே. ஒன்று வர்த்தகம். மற்றொன்று ஆசிரியர் கல்வி. சிங்கப்பூரில் பிறந்து எடின்பரோவில் வைத்தியம் படித்த டாக்டர் லிம் பூன் கெங் அதே ஆண்டில் தலைவரானார். 1937 வரை அவர்தான் தலைவர். எழுத்தாளர் லூ ஷுன் 1926-ல் அங்கே சில மாதங்கள் பாடம் சொன்னார்.

ஜிமெய்யிலும் அமாயிலும் படித்த வாலிபர்கள் மலேயாவுக்கும் ஜாவாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் வாத்தியார்களாகக் கப்பல் ஏறினார்கள். நாற்று, நடவுக்குப் போயிற்று.

சர்க்காரின் சந்தேகம்

சீனாவிலிருந்து வந்த வாத்தியார்கள் மொழியை மட்டும் கொண்டுவரவில்லை. நாட்டுப்பற்றையும் கொண்டுவந்தார்கள்.

1919 மே மாதம் பீக்கிங் மாணவர்கள் ஜப்பானுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த அலை சிங்கப்பூர்ச் சீனப் பள்ளிகளையும் தொட்டது. ஜப்பான் சரக்கைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் ஜூனில் கலவரமாயிற்று. பிரிட்டிஷ் சர்க்காரின் பார்வை வாத்தியார்கள் மீது விழுந்தது.

1920-ல் பள்ளிகள் பதிவுச் சட்டம் வந்தது. பள்ளி, நிர்வாகி, ஆசிரியர் எல்லோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சர்க்காருக்குச் சந்தேகம் வந்தால் பதிவு ரத்து. சீனர்கள் மனுக் கொடுத்தார்கள், கண்டனம் தெரிவித்தார்கள். பலிக்கவில்லை. எதிர்த்து முன்னின்ற சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். டான் அப்போது அமாயில் பல்கலைக்கழக வேலையில் மூழ்கியிருந்தார்.

அது முதல் சீன வாத்தியாருக்கு இரண்டு எசமானர்கள். சம்பளம் கொடுக்கும் நிர்வாகக் குழு ஒன்று. பதிவைக் கையில் வைத்திருக்கும் சர்க்கார் மற்றொன்று. இருந்தும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

1925-ல் புக்கிட் தீமாவில் சொந்த இடத்துக்குப் போன சீன உயர்நிலைப்பள்ளியில் 1929-ல் ஒரு புது வாத்தியார் சேர்ந்தார். லண்டனில் ஐந்து ஆண்டு ஆங்கிலேயர்களுக்குச் சீன மொழி கற்பித்துவிட்டுத் தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்தவர். வழியில் கைப்பணம் தீர்ந்துபோய்ச் சிங்கப்பூரில் இறங்கிவிட்டார். சில மாதம் பாடம் சொல்லிவிட்டு 1930-ல் ஊர் போய்ச் சேர்ந்தார். அவர்தான் பிற்காலத்தில் ரிக்‌ஷாக்காரன் கதை எழுதி உலகப் புகழ் பெற்ற லாவ் ஷெ.

வந்தவர்கள் எல்லோரும் லாவ் ஷெ ஆகவில்லை. ஆனால் சில மாதம் இருந்துவிட்டுப் போனவர்கள் அவரைப் போல் பலர். பாடம் பாதியில் நிற்கும். பிள்ளைகள் மறுபடியும் புது வாத்தியார் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வியாபாரமா, பள்ளியா?

1926 முதல் ரப்பர் விலை சரிய ஆரம்பித்தது. 1929-ல் உலகமெங்கும் பொருளாதார மந்தம் தாக்கியது. டானின் ஆலைகள் நஷ்டத்தில் ஓடின. பாங்கிக் கடன் ஏறியது.

ஜிமெய்க்கும் அமாய்க்கும் மாதா மாதம் போகும் பணத்தை நிறுத்தினால் மூச்சு விடலாம். வேண்டியவர்கள் அதைத்தான் சொன்னார்கள். டான் கேட்கவில்லை. தாம் நிறுத்தினால் பள்ளிக்கூடம் மூடப்படும், மூடிய பள்ளியை மறுபடி திறப்பது எளிதல்ல என்பது அவர் கணக்கு. பாங்கிகள் 1931-ல் அவருடைய தொழிலை லிமிடெட் கம்பெனியாக்கித் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தன. பள்ளிகளுக்கு மாதம் 5,000 டாலருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. மீதியைக் கடன் வாங்கியும் நன்கொடை கேட்டும் சமாளித்தார். பள்ளிச் செலவை நிறுத்தினால் கை கொடுப்பதாக வெளிநாட்டு முதலாளிகள் முன்வந்தபோதும் மறுத்துவிட்டார்.

1934-ல் கம்பெனி மூடப்பட்டது. ஒரு காலத்தில் பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்த ஸ்தாபனம் அது. மாளிகையை விற்றுப் பல்கலைக்கழகத்தை நடத்தினார் என்று சீனர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். ஆனாலும் தனி மனிதரால் எத்தனை நாள் தாங்க முடியும்? 1937-ல் அமாய் பல்கலைக்கழகத்தைச் சீன சர்க்காரிடம் ஒப்படைத்தார். ஜிமெய்ப் பள்ளிகளை மட்டும் கைவிடவில்லை.

அவர் செய்தது சரியா என்று வியாபாரிகள் கேட்கலாம். ஆலைத் தொழிலாளிகளின் பிழைப்பு என்னாயிற்று என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விகள்தான். டான் இரண்டையும் காப்பாற்றப் பார்த்தார். முடியாது என்று வந்தபோது, ஆலையை வேறு யாராவது நடத்துவார்கள், பள்ளியை நடத்த வேறு ஆள் இல்லை என்று தீர்மானித்தார்.

கப்பல் நின்றது

1937 ஜூலையில் ஜப்பான் சீனாவின் மீது முழு யுத்தம் தொடுத்தது. 1938 மே மாதம் அமாய் விழுந்தது. ஜிமெய்ப் பள்ளிகளும் பல்கலைக்கழகமும் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு மலைப்பகுதிகளுக்குப் போயின. அந்த வழியாக வாத்தியார்கள் வருவது அரிதாகிவிட்டது.

டான் பயந்தபடியே ஆயிற்று. வெளியிலிருந்து வரும் வாத்தியாரை மட்டும் நம்பினால், துறைமுகம் அடைபட்ட அன்று பள்ளியும் அடைபடும். இனிச் சிங்கப்பூரிலேயே வாத்தியாரை உண்டாக்க வேண்டும் என்று பணம் திரட்டினார். மருமகன் லீ கொங் சியான் கிம் யாம் ரோட்டில் இடம் கொடுத்தார். 1941 அக்டோபர் 10-ந் தேதி நான் சியாவ் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. வயது அறுபத்தாறில் டான் எடுத்த முயற்சி இது.

அடுத்த இரண்டாவது மாதம் ஜப்பான் குண்டு சிங்கப்பூர் மீது விழுந்தது. 1942 பிப்ரவரியில் நகரம் வீழ்ந்தது. சீன நிவாரண நிதிக்குத் தலைவராக இருந்த டானை ஜப்பானியர் சும்மா விட மாட்டார்கள். நகரம் விழுவதற்குச் சில நாள் முன்பு அவர் தப்பி ஜாவாவுக்குப் போனார். அங்கே சீன நண்பர்கள், முக்கியமாகத் தம் பள்ளிகளில் படித்த பழைய மாணவர்கள், உயிரைப் பணயம் வைத்து அவரை ஒளித்து வைத்தார்கள். மறைந்திருந்த நாட்களில்தான் தம் நினைவுக் குறிப்புகளை எழுதினார்.

யுத்தம் முடிந்து 1945-ல் சிங்கப்பூர் திரும்பினார். 1947-ல் நான் சியாவ், பெண்கள் உயர்நிலைப்பள்ளியாக மீண்டும் திறந்தது.

பிறந்த மண்ணில்

1949-ல் சீனாவில் கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. டான் 1950-ல் ஜிமெய்க்கே போய்த் தங்கிவிட்டார். குண்டு விழுந்து இடிந்த பள்ளிக் கட்டடங்களைத் தாமே நின்று திரும்பக் கட்டினார். அந்த ஆண்டுகளில் சீனாவிலிருந்து மலேயாவுக்குப் புது வாத்தியார்கள் வரும் கதவும் ஏறக்குறைய மூடிவிட்டது. பிரிட்டிஷ் சர்க்கார் யாரையும் எளிதில் உள்ளே விடவில்லை.

அப்போது சிங்கப்பூரில் முன்வந்தவர் டான் லார்க் சாய். ஜிமெய்யில் பிறந்தவர், ஒரு காலத்தில் டான் கா கீயிடம் வேலை பார்த்தவர். வெளியிலிருந்து வாத்தியார் வர முடியாது என்றால் இங்கேயே பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1953-ல் குரல் எழுப்பினார். பணக்காரர்கள் லட்சம் கொடுத்தார்கள். ரிக்‌ஷாக்காரர்கள் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். 1956-ல் நன்யாங் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. 1980-ல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்படும் வரை நடந்தது.

டான் கா கீ 1961 ஆகஸ்டு 12-ந் தேதி பீக்கிங்கில் காலமானார். உடலை ஜிமெய்க்குக் கொண்டுவந்து கடலோரத்தில் அடக்கம் செய்தார்கள். மிச்சமிருந்த பணம் பள்ளிகளுக்குப் போயிற்று.

78 மாணவர்களோடு தொடங்கிய சீன உயர்நிலைப்பள்ளி, 2005 முதல் ஹ்வா சோங் கல்விக் கழகம் என்ற பெயரில் நடக்கிறது. அதன் வாசலருகே 2015-ல் ரயில் நிலையம் ஒன்று திறந்தார்கள். அதற்கு டான் கா கீ என்று பெயர். காலையில் புத்தகப் பையோடு அங்கே இறங்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல, இப்போது அந்த ஊரிலேயே படித்து வளர்ந்த வாத்தியார்கள் காத்திருக்கிறார்கள்.